திறந்த வெளியில் மரக்கரண்டி செதுக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கோடாரி ஒன்று, ரம்பம் ஒன்று, கத்தி இரண்டு. மரநிழலில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தொடங்கி முடிக்க இவ்வளவு போதும். மின்சாரம் வேண்டாம், பட்டறை வேண்டாம், மேசைகூட வேண்டாம். புதிதாகச் செதுக்க வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் ஒரே ஒரு விஷயம் மறுபடி மறுபடி தலைகாட்டும்: மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. பிளப்பது, செதுக்குவது, காயவைப்பது, கரண்டி உடையாமல் இருப்பது எல்லாமே அதைப் பொறுத்தவை.

காய்ந்த மரம் நல்லதா, பச்சை மரம் நல்லதா?

பச்சை மரம். சமீபத்தில் வெட்டிய கிளையின் நார்களில் நீர் நிறைந்திருக்கும். அதில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அதே மரம் காய்ந்தபின் அதே கத்தி துள்ளும், கை வலிக்கும், வெறுத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். முதல் கரண்டியைப் பழைய பலகைத் துண்டில் செய்யப் பார்த்து, "இது நமக்கு வராது" என்று முடிவு கட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்கள் கையில் இல்லை, மரத்தில்தான்.

பச்சை மரம் காயும்போது வெடிக்காதா என்று உடனே கேட்பார்கள். காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரை மரம் சுருங்குவதில்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கமும் வெடிப்பும் தொடங்கும். தடித்த கட்டையில் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. கரண்டி மெல்லியது. உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகக் காய்ந்துவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே மெலிதாகச் செதுக்கிவிடுவதுதான் வழி.

எந்த மரத்தை எடுப்பது?

நார் நேராக, நெருக்கமாக, கண்ணுக்குத் தெரியும் துளைகள் இல்லாமல் இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் பர்ச், மேப்பிள், செர்ரி, பீச், ஆல்டர் ஆகியவற்றில் செதுக்குகிறார்கள். வெப்பநாடுகளில் கொய்யா, பலா, வேம்பு, எலுமிச்சை வகை மரங்கள் கிடைக்கும். பழமரங்கள் பொதுவாக ஏமாற்றுவதில்லை. தொடக்கத்தில் சற்று மென்மையான மரமாக இருந்தால் நல்லது. வைரம் பாய்ந்த மரத்தோடு முதல் நாளே மல்லுக்கட்ட வேண்டாம்.

ஓக் போன்று துளைகள் பெரிதாக உள்ள மரங்களில் உணவு தங்கிவிடும். பைன் போன்ற பிசின் மரங்கள் வாசனையை விடாது. இதையெல்லாம்விட முக்கியமானது நஞ்சு. அரளி, யூ (குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலை மரம்), எட்டி ஆகிய மரங்களை வாயில் படும் எதற்கும் பயன்படுத்தவே கூடாது. பெயர் தெரியாத மரத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம். அவற்றின் பச்சைப் பால் பட்டால் சிலருக்குத் தோல் பொரிந்துவிடும். கருப்புக் கோடுகளும் வெளிறிய திட்டுகளுமாக அழகாகத் தெரியும் கட்டைகளும் உண்டு. அந்தக் கோலம் பூஞ்சை போட்டது. அலங்காரப் பொருளுக்கு ஆகும், கரண்டிக்கு வேண்டாம்.

மரத்துக்காகக் கிளையை வெட்டலாமா?

உயிருள்ள மரத்தை ஒரு கரண்டிக்காக வெட்டாதீர்கள். காற்றில் முறிந்து விழுந்த கிளை, கவாத்து செய்து ஒதுக்கிய கிளை, யாரோ வெட்டிக் குவித்த கட்டை இவற்றிலேயே வாழ்நாளுக்கும் போதுமான கரண்டிகள் இருக்கின்றன. நிலத்துக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் விழுந்த கிளையைக்கூட எடுக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். பொது இடத்தில் கத்தியும் கோடாரியும் கொண்டுபோவது பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது; கிளம்புமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். போகும் வழியெல்லாம் கருவிகள் உறைக்குள், பைக்குள் இருக்கட்டும்.

கிளை 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமன், கணு இல்லாத 30 சென்டிமீட்டர் நீளம் என்று பார்த்து எடுங்கள். இரு முனையிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு அறுங்கள். வெட்டுமுகத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். அந்த ஓரத்தைப் பிறகு நறுக்கிவிடலாம்.

கருவிகள் என்னென்ன வேண்டும்?

மடக்கு ரம்பம் ஒன்று. தலை மட்டும் 500 முதல் 700 கிராம் எடையுள்ள கைக்கோடாரி ஒன்று. இதைவிடக் கனமானால் மணிக்கட்டு சோர்ந்துபோகும், சோர்ந்த கை குறி தவறும். நேர் அலகுள்ள குட்டைக் கத்தி ஒன்று. அலகு 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும், 10-ஐத் தாண்ட வேண்டாம். நீளக் கத்தியின் முனை எப்போதும் நாம் பார்க்காத இடத்தில் இருக்கும். கரண்டியின் குழியைத் தோண்ட வளைகத்தி ஒன்று. கோடாரி வேலைக்குக் கீழே வைக்க ஓர் அடிக்கட்டை வேண்டும். அதை அந்தந்த இடத்திலேயே தேடிக்கொள்ளலாம். பிளக்கும்போது கோடாரியின் தலையில் தட்ட ஒரு மரத்தடி. குறிக்க ஒரு பென்சில். அவ்வளவுதான்.

மடக்குக் கத்தி போதுமா என்று கேட்பவர்களுக்கு: பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் அழுத்திச் செதுக்காதீர்கள். அலகு மடங்கினால் விரல்மேல்தான் மடங்கும்.

கத்தியில் விலையைவிடக் கூர்மையைப் பாருங்கள். மழுங்கிய உயர்ந்த கத்தியைவிடக் கூரான எளிய கத்தி எவ்வளவோ மேல். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடினால் கட்டுப்பாடு போய்விடும். கைவெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன.

வளைகத்தி இல்லையென்றால் குழி தோண்ட முடியாதா?

முடியும், தணலால். சிறு நெருப்பு மூட்டி, குழி வர வேண்டிய இடத்தில் ஒரு கங்கை வைத்து, பச்சைக் குச்சியால் அழுத்திப் பிடித்து மெல்ல ஊதுங்கள். அடியில் மரம் கருகும். கங்கை எடுத்துவிட்டு, கரியைக் கல்லாலோ கத்தி முனையாலோ சுரண்டுங்கள். மறுபடி கங்கு, மறுபடி சுரண்டல். விளிம்பு எரியாமல் இருக்க அங்கே ஈரமண் பூசுங்கள் அல்லது தண்ணீர் தொட்டு வையுங்கள். அவசரப்பட்டுப் பெரிய கங்கை வைத்தால் மரம் சூட்டில் வெடிக்கும். நெருப்பு மூட்ட அனுமதி உள்ள இடத்தில், காற்று இல்லாத நாளில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். குழியின் அடிப்பகுதி வழவழப்பாக வரும், செதுக்கிய தடமே தெரியாது. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு நடுத்தரக் கரண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊதியிருக்கிறேன்.

கையை வெட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

செதுக்கத் தொடங்குமுன் கத்தி பிடித்த கையை நீட்டி, உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் கத்தி உறைக்குள் போக வேண்டும்.

உட்காரும்போது மடிக்கு நேராக, இரண்டு தொடைகளுக்கு நடுவே செதுக்காதீர்கள். தொடையின் உட்பக்கம் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே ஆழமாக வெட்டுப்பட்டால் நிமிடக் கணக்கில் உயிர் போகும் ஆபத்து. முழங்கைகளை முழங்கால்கள்மேல் ஊன்றி, வேலையை உடம்புக்கு வெகு முன்னால் பிடியுங்கள், அல்லது காலுக்கு வெளிப்புறமாகத் திரும்பிச் செய்யுங்கள்.

ஒவ்வொரு சீவலுக்கு முன்பும் ஒரு கேள்வி: இந்தக் கத்தி இப்போது தவறினால் எங்கே போய் நிற்கும்? பதில் காற்று என்றோ அடிக்கட்டை என்றோ வந்தால் சீவலாம். பதில் விரல் என்று வந்தால் பிடியை மாற்ற வேண்டும். என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. மாலை வெளிச்சம் மங்கிய நேரத்தில், "இன்னும் இரண்டே சீவல்" என்று நினைத்தபோது வந்தது. அதிலிருந்து வெளிச்சம் குறைந்தாலோ கை சோர்ந்தாலோ, எவ்வளவு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் உறையில் போட்டுவிடுகிறேன்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் விடாமல், நடுவில் எடுத்து எட்டிப்பார்க்காமல் அழுத்த வேண்டும். இரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, நிற்கவில்லை என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ மடக்க வரவில்லை என்றாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் கட்டுத்துணி இல்லாமல் கிளம்பக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கட்டையை அறுத்துப் பலகையாக்கக் கூடாதா? ஏன் பிளக்கச் சொல்கிறீர்கள்?

ரம்பம் தன் போக்கில் நேராகப் போகும், நாரைப் பொருட்படுத்தாது. பிளவு நாரின் போக்கிலேயே போகும். பிளந்த துண்டில் நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். கரண்டியின் பலமே அதுதான்.

கோடாரியின் வாயைக் கட்டையின் வட்ட முகத்தில், சரியாக நடுவில் வைத்துத் தலையில் மரத்தடியால் தட்டுங்கள். கோடாரியை ஓங்கிப் பிளக்க வேண்டியதில்லை. இரண்டு பாதியானதும் நட்டநடுவே சிறு புள்ளியாகத் தெரியும் சோற்றுப் பகுதியை, அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் மரத்தோடு தாராளமாகவே செதுக்கி எறிந்துவிடுங்கள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பல மரங்களில் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 8 சதவீதம், மையத்திலிருந்து வெளிப்புறமாக அதில் பாதி, நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சோற்றைச் சுற்றி வளையம் முழுதாக இருந்தால் இந்த வித்தியாசத்தைத் தாங்காமல் அது வெடித்தே தீரும். என் முதல் மூன்று கரண்டிகளும் குழியின் நடுவே பிளந்துபோயின. சோற்றை விட்டுவைத்ததுதான் காரணம் என்று நான்காவதில்தான் புரிந்தது.

கோடாரியால் எவ்வளவு தூரம் வேலை செய்யலாம்?

நினைப்பதைவிட அதிகமாக. புதியவர்கள் கோடாரியைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டு, மீதியைக் கத்தியால் மணிக்கணக்கில் சீவுவார்கள். பென்சில் கோட்டிலிருந்து 2, 3 மில்லிமீட்டர் வரை கோடாரியால் வந்துவிடலாம்.

முதலில் பக்கவாட்டு வளைவைச் செய்யுங்கள், மேலிருந்து பார்க்கும் வடிவத்தைப் பிறகு வரையுங்கள். கரண்டியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் குழியும் காம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. கழுத்தருகே சற்று மடிந்திருந்தால்தான் பாத்திரத்தில் அள்ள வரும். இயற்கையாகவே வளைந்த கிளை கிடைத்தால் அதிர்ஷ்டம். அதைப் பிளந்தால் நார்களே அந்த வளைவில் வந்திருக்கும். கரண்டியின் பாதி வேலையை மரமே செய்து வைத்திருக்கும்.

அப்புறம் மேல்முகத்தில் வடிவத்தை வரைந்து, கழுத்தின் இருபுறமும் ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று முன்பு வரை அறுத்துவிடுங்கள். இப்போது காம்பு மேலே இருக்கும்படி அடிக்கட்டையில் நிறுத்தி, காம்புப் பக்கத்து மரத்தைக் கோடாரியால் இறக்குங்கள். பிளவு கீழே ஓடிவந்தாலும் ரம்பம் அறுத்த இடத்தில் நின்றுவிடும், குழிப் பகுதி தப்பும். பிடித்திருக்கும் கை எப்போதும் கோடாரி விழும் இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். துண்டு மிகவும் சிறிதாகிப் பிடிக்க இடம் குறைந்துவிட்டால் கோடாரி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தியை எப்படிப் பிடிப்பது?

மூன்று பிடிகள் பழகினால் ஒரு கரண்டியை முடித்துவிடலாம். முதலாவது, கத்தியைப் பிடித்த கை அசையாமல் இருக்க, மரத்தைப் பிடித்த கையின் கட்டைவிரலால் கத்தியின் முதுகைத் தள்ளுவது. சீவல் சிறியது, கட்டுப்பாடு முழுமையானது. இரண்டாவது, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து, கத்தியின் கூர் வெளியே பார்க்க, முதுகுத் தசைகளை விரித்து நெம்புவது. கைகள் உடம்பை விட்டுப் பிரியாததால் கத்தி எகிறிப் போகாது. பலமும் நிறையக் கிடைக்கும். மூன்றாவது, பழத்தின் தோலைச் சீவுவதுபோல் கட்டைவிரலை நோக்கி இழுப்பது. இதில் கட்டைவிரலைக் கத்தியின் பாதையில் வைக்காமல், மரத்தின் கீழ்ப்புறத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கத்தியை நேராக அழுத்தித் தள்ளாமல், அடியிலிருந்து நுனிக்குச் சறுக்கவிட்டுச் சீவிப் பாருங்கள். அதே மரம் பாதி பலத்தில் இறங்கும். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் பலம் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் வரும். விரல்கள் மட்டும் உழைத்தால் அரைமணியில் கை பிடித்துக்கொள்ளும்.

வழவழப்பாக வராமல் நார் பிய்த்துக்கொண்டு வருகிறதே, ஏன்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

நெருக்கமாகக் கட்டிய புல்கட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் முனையைக் கூம்பாகச் சீவ வேண்டுமென்றால் தடித்த நடுவிலிருந்து முனையை நோக்கிச் சீவுவீர்கள். அப்போது ஒவ்வொரு புல்லும் அறுபடும்போது, அதற்கு அடியில் உள்ள புல் அதைத் தாங்கும். எதிர்த் திசையில், கூர்முனையிலிருந்து நடுவை நோக்கிச் சீவினால் கத்தி புற்களுக்கு நடுவே புகுந்து அவற்றைக் கிளப்பிவிடும். மரமும் இப்படியே. அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குச் சீவினால் வழுக்கும், எதிரே போனால் பிய்க்கும். சரிவில் இறங்குவதுபோல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கரண்டியின் வெளிவடிவத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். குழியின் மிக அகலமான இடத்திலிருந்து நுனிக்கு ஒரு சீவல், அதே இடத்திலிருந்து கழுத்துக்கு இன்னொரு சீவல். காம்பின் தடித்த கடைசியிலிருந்தும் கழுத்தை நோக்கித்தான். ஆக, கழுத்தில் இரண்டு பக்கச் சீவல்களும் பள்ளத்தில் சந்திக்கின்றன. புதியவர்களுக்குப் பெரும்பாலும் நார் பிய்வது அங்கேதான், ஏனென்றால் பள்ளத்தின் அடியைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறிவிடுகிறார்கள். அடியை எட்டியதும் நிறுத்துங்கள். கரண்டியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கமிருந்து வாருங்கள்.

கணு அருகில் நார் சுழன்று போகும். அங்கே இந்த விதி ஒவ்வொரு விரற்கடைக்கும் மாறும். கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும்: சீவும் சத்தம் சீராக இருந்தது மாறி, சரசரவென்று கிழியும் சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்தித் திசையை மாற்றுங்கள். அமைதியான வெளியில் உட்கார்ந்து செதுக்குவதில் எனக்குப் பிடித்தது இந்தச் சத்தம் தெளிவாகக் கேட்பதுதான்.

குழியை எப்படித் தோண்டுவது, எவ்வளவு ஆழம்?

வெளிவடிவத்தை முடிக்குமுன் குழியைத் தோண்டிவிடுங்கள். சுற்றிலும் மரம் தடிமனாக இருக்கும்போது பிடிக்க எளிது. வளைகத்தியால் நாருக்குக் குறுக்கே, நடுவில் சிறிதாகத் தொடங்கி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே விளிம்புக்கு வாருங்கள். கடைசிச் சீவல்கள் விளிம்பிலிருந்து அடியை நோக்கி இறங்கட்டும். இங்கேயும் அதே சரிவு விதிதான். வளைகத்தி இழுபடும் பாதையில் கட்டைவிரல் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தோல் விரலுறை ஒன்று போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆழம் ஒரு சென்டிமீட்டர் என்றாலே வாயில் வைத்து உண்ணும் கரண்டிக்கு அதிகம். ஆழமான குழியிலிருந்து உதடு முழுதாக எடுக்காது. கிளறும் கரண்டிக்கு இன்னும் குறைவாகவே இருக்கலாம். குழியின் சுவர் ஈரத்தில் 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும், காய்ந்தபின் மெலிதாக்கலாம். விரல்களால் உள்ளும் புறமும் கிள்ளிப் பார்த்தால் எங்கே தடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெலிந்த இடம் ஒளிரும்.

கழுத்தில் முறிந்துவிட்டது. மெலிதாக்கியது தவறா?

மெலிதாக்கியது தவறில்லை, மெலிதாக்கிய திசை தவறாக இருந்திருக்கும். கழுத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு குறுக்கினாலும் தாங்கும், மேலிருந்து கீழாக உயரம் இருந்தால். கழுத்தின் அடியில் படகின் அடிக்கட்டை போல ஒரு முகடு விட்டுவையுங்கள். அப்புறம் முறிந்த இடத்தைப் பாருங்கள். நார்கள் சாய்வாக அறுபட்டிருந்தால், நேர்நாரில் வளைவை அளவுக்கு மீறிச் செதுக்கியிருக்கிறீர்கள். அந்தக் குறுகிய இடத்தில் முழுதாக ஓடும் நாரே மிஞ்சியிருக்காது. நேரான கட்டையில் வளைவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிக வளைவுக்கு வளைந்த கிளையைத் தேடுங்கள்.

ஒரே நாளில் முடியவில்லை. பாதியில் எப்படி வைப்பது?

ஈரம் போகாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினால் ஓரிரு நாள் தாங்கும். அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரில் மூழ்க வைக்கலாம். குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். செதுக்கும் நாளிலும், சாப்பிடவோ நடக்கவோ எழுந்தால் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். அரைமணி வெயிலில் விளிம்பு வெடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

செதுக்கி முடித்தபின் எத்தனை நாள் காய வேண்டும்?

செதுக்கிய சீவல்களோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். சீவல்கள் ஈரத்தை மெதுவாக வெளியே விடும். ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். நாட்களை எண்ணுவதைவிடத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது.

மயிரிழை வெடிப்பு விளிம்பில் வந்தால் அந்த அளவுக்கு விளிம்பைச் சீவி எடுத்துவிடலாம். குழியைத் தாண்டி ஓடும் வெடிப்பென்றால் அந்தக் கரண்டியை விட்டுவிடுங்கள். பசை போட்டு ஒட்டி வாயில் வைக்கும் பொருளாகப் பயன்படுத்த வேண்டாம்.

உப்புத்தாள் போடலாமா?

போடலாம், காய்ந்தபின். ஈர மரத்தில் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, உப்புத்தாளின் துகள் மரத்தில் தங்கிவிடும். அதன்பிறகு கத்தி வைத்தால் கூர் போய்விடும். அதனால் கத்தி வேலை முழுக்க முடிந்த பிறகே உப்புத்தாள். 120 எண் தாளில் தொடங்கி 180, 240, 400 என்று நயமான தாளுக்குப் போங்கள். ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் நுண்நார்கள் எழுந்து நிற்கும், மறுபடி 400-ஆல் மெல்லத் தேயுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கழுவலிலேயே கரண்டி சொரசொரத்துவிடும். தூசியை மூச்சில் இழுக்காமல் முகமூடி போடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், உப்புத்தாளே வேண்டாம். காய்ந்த கரண்டியை, புதிதாகச் சாணை பிடித்த கத்தியால் மெல்லிய சீவல்களாக ஒரு சுற்று சீவிவிட்டால் மேற்பரப்பு பளபளக்கும். நார்கள் தேய்ந்து நைந்துபோகாமல் சுத்தமாக அறுபட்டிருக்கும். தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக எழாது. கத்தி போன தடங்கள் விரலில் தட்டுப்படுவதும் எனக்குப் பிடிக்கும். கடைசியாக வழுவழுப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் நேர்த்தி.

எந்த எண்ணெய் பூசுவது?

உணவுக்குரிய ஆளிவிதை எண்ணெய். அது காற்றோடு வினைபுரிந்து மெல்ல இறுகும் எண்ணெய். மரத்துக்குள் ஊறி உறுதியாகிவிடும். மெலிதாகப் பூசி, கால்மணி கழித்து மிஞ்சியதைத் துடைத்து, சில வாரங்கள் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வால்நட் எண்ணெயும் இறுகும், ஆனால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சமையல் எண்ணெய்களில் பல இறுகாமல் ஈரமாகவே நின்று நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் "காய்ச்சிய" ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது கரண்டிக்கு ஆகாது.

இதை மறக்கவே கூடாது: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவரும். சுருண்ட துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறம் எறியுங்கள்.

வெளியிடத்தில் கத்தி மழுங்கினால்?

மழுங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சிறு பலகையில் தோல்துண்டை ஒட்டி, மெருகுப் பசை தடவி எடுத்துப் போங்கள். அரைமணிக்கு ஒருமுறை கத்தியின் சாய்முகத்தை (கூரை ஒட்டிய சரிவான பகுதியை) தோலில் படுக்கவைத்து, முதுகு முன்னே போகும்படி பத்துத் தடவை இழுத்தால் கூர் அப்படியே நிற்கும். கல் தேவைப்படுவது எப்போதாவதுதான்: 1000 எண் கல்லில் சாய்முகத்தை முழுதாகப் படியவைத்து, மறுபக்கம் பிசிறு எழும்வரை தேய்த்து, பக்கம் மாற்றி, பிறகு 4000-க்குப் போங்கள். வளைகத்திக்குக் கல் சரிவராது. உருண்டைக் குச்சியில் 1000 எண் தாளைச் சுற்றி, கத்தியை அசையாமல் பிடித்துக் குச்சியை நகர்த்துங்கள்.

கூர் சரியா என்று விரலில் பார்க்காதீர்கள். மென்மரத் துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே, சீவிப் பாருங்கள். முகம் கண்ணாடிபோல் வந்தால் சரி. வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் கூரில் பல் விழுந்திருக்கிறது.

குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா?

தாராளமாக. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளர் 1860-களிலேயே பள்ளிப் பாடத்தில் கைவேலையைச் சேர்த்தார். ஸ்வீடனின் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் 1870-களில் அதைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கத்தியும் மரமும் அந்தப் பாடத்தில் இருந்தன. வயதைவிட, சொல்வதைக் கேட்டு நிறுத்தத் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் நாள் பச்சைக் குச்சியில் பட்டை உரிப்பது மட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே, ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று, வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடாரியும் வளைகத்தியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இடதுகைக்காரர்களுக்கு?

நேர்க்கத்தி இரு கைக்கும் பொது. வளைகத்தியும் ஒருபக்கம் மட்டும் சாய்முகம் உள்ள கோடாரியும் இடதுகைக்கென்று தனியாக வருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

முதல் கரண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான்கு முதல் ஆறு மணி நேரம், இரண்டு மூன்று அமர்வுகளாக. பழகியபின் இரண்டு மணிக்குள் வந்துவிடும். ஒரே மரத்திலிருந்து ஐந்து கரண்டிகள் தொடர்ந்து செய்யுங்கள். மரம் மாறினால் நாரின் போக்கும் மாறும், கற்றது கையில் நிற்காது.

செய்த கரண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பயன்படுத்தியதும் கையால் கழுவி, துடைத்து, காம்பு கீழே இருக்கும்படி நிறுத்திக் காயவிடுங்கள். தொட்டியில் ஊறப்போடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் நீண்ட நேர வெந்நீரும் சூடான காற்றும் மாறிமாறிப் படும். அதில் மரம் ஊதிச் சுருங்கி வெடிக்கக்கூடும். வெளிறிப்போய் வறண்டு தெரிந்தால் மறுபடி மெலிதாக எண்ணெய். விளிம்பு தேய்ந்து நார் எழுந்தால் கத்தியை எடுத்து, அகலத்திலிருந்து நுனிக்கு இரண்டு சீவல்.